பட்டப்பகலில் ஒரு விளக்கு

"தலை... தலை பாத்து!" என்று வீட்டுப் பெரியவர் உள்ளிருந்து சொல்லி முடிப்பதற்குள் டங்கென்று இடித்துக்கொண்டேன். மேலே உத்திரத்தோடு சேர்த்துக் கட்டிய, சேலையில் பூவேலை எடுக்க உதவும் ஜக்கார்ட் பெட்டி. சின்னாளப்பட்டி நெசவாளர் வீட்டுக்குள் புது ஆள் நுழைந்தால் இந்தப் பெட்டிதான் முதல் வரவேற்பு கொடுக்கும் போலிருக்கிறது. வீட்டம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். வலியைக் காட்டிக்கொள்ள எனக்கு நேரமில்லை. கண்ணுக்கு முன்னால் அவ்வளவு சாமான்!

திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் வந்தால், சிறுமலையின் அடிவாரத்தில் இந்த ஊர். கடைக்கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை உடுத்தியிருக்கும் சேலையை எல்லாரும்தான் பார்த்திருக்கிறோம். விரித்துக் காட்ட மூன்று விநாடி, மடித்து வைக்க ஐந்து விநாடி. அந்தச் சேலை பிறந்த அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. எட்டிப் பார்த்தாயிற்று. இடித்தும் பார்த்தாயிற்று.

அறை என்றால் பெரிய கூடமெல்லாம் இல்லை. பத்துக்குப் பதினைந்து அடி இருக்கும். அதில் முக்கால்வாசி இடத்தைத் தறி எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் ஒரு டிவி, ஒரு பீரோ, சாமி படம், சுவரில் சாய்த்துவைத்த மூங்கில்கள். பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் ஒரு கனத்த திண்டுக்கல் பூட்டு. (பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. அந்தப் பெருமையெல்லாம் தனக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.) வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொண்டது கன்னடம். தேவாங்கர் குடும்பம். என் பக்கம் திரும்பியதும் அசல் திண்டுக்கல் தமிழ்.

பெரியவரைக் காணோம் என்று தேடினால், இடுப்புக்குக் கீழே தரைக்குள் இருக்கிறார். குழித்தறி! தரையில் குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். கால் மிதிக்க மிதிக்க, பாவின், அதாவது நீளவாக்கில் கட்டிய நூலின், ஒரு பாதி இழைகள் மேலே எழும்பும், மறு பாதி கீழே இறங்கும். நடுவில் ஒரு சின்னச் சந்து திறக்கும். அந்தச் சந்துக்குள் குறுக்கே ஓடும் ஊடைநூலோடு நாடா பாயும். பலகை வந்து தடக்கென்று இழையை நெருக்கி வைக்கும். மறுபடி மிதி, மறுபடி பாய்ச்சல், மறுபடி தடக். நெசவு என்றால் இவ்வளவுதான். சொல்ல நாலு வரி. செய்ய ஒரு பிறவி.

"எதுக்குங்கய்யா குழி? மேலேயே வச்சுக்கலாமே?"

"குழிக்குள்ள ஈரம் இருக்கும்மா. சித்திரை வெயில்ல பாவு காஞ்சு போச்சுன்னா பட்டுபட்டுன்னு அறுந்துரும். மண்ணு குளுமை நூலுக்கு நல்லது. எனக்கும் நல்லது, ஃபேன் காசு மிச்சம்."

சரி, நாடாவுக்கு வருவோம். அதைக் கையில் வாங்கியதும் எனக்கு நிஜமாகவே புல்லரித்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு முனையும் கூர்ந்து இரும்புக் குப்பி போட்ட மரத்துண்டு. குட்டிப் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடம் என்றே அதற்கு இன்னொரு பெயரும் உண்டு. வயிற்றைக் குடைந்து, உள்ளே தார் படுக்க இடம். தார் என்றால் ஊடைநூல் சுற்றிய சின்னக் குச்சி. பக்கவாட்டில் ஒரு கண். அந்தக் கண் வழியாகத்தான் நூல் வெளியே வர வேண்டும். பல வருஷம் கை பட்டு மரம் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுக்கிறது. முகர்ந்து பார்த்தேன். (பார்க்காமல் இருக்க முடியுமா?) கஞ்சி வாசம்.

அந்தக் கண்ணுக்குள் நூலைக் கோர்ப்பது எப்படி என்று கேட்டேன். பெரியவர் நாடாவை உதட்டில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். நூல் வெளியே வந்துவிட்டது! நான் கை தட்டிவிட்டேன். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலும் ஒரு காலத்தில் இதே வேலைதான். நாடாவுக்கு முத்தம் கொடுப்பது என்றே அங்கே பேர் வைத்திருந்தார்கள். ஒருவர் வாய் வைத்த நாடாவில் இன்னொருவர் வாய் வைக்க, நோய் தொற்றுகிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911இல் சட்டம் போட்டே அதைத் தடுத்தது. இதைச் சொன்னதும் பெரியவர், "இது என் ஒருத்தன் நாடாதான்மா. இதுக்கும் எனக்கும் நாப்பது வருஷப் பழக்கம்" என்றார். உள்ளிருந்து வீட்டம்மா, "எங்க கல்யாணத்துக்கு முந்தியே இருந்து" என்றார், ஒரு மாதிரிக் குரலில்.

நாடா தானாக ஓடுவது போலத் தெரியும். ஓடாது. பலகையின் இரு பக்கமும் ஒரு பெட்டி. பெட்டிக்குள் பிக்கர். முன்பெல்லாம் எருமைத்தோலில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். தலைக்கு மேலிருந்து தொங்கும் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் பிக்கர் நாடாவின் பின்புறம் ஒரு போடு போடும். நாடா அந்தப் பக்கப் பெட்டியில் போய்த்தான் நிற்கும். இந்த வேலையைக் கண்டுபிடித்தவர் ஜான் கே என்ற லங்காஷயர்காரர், 1733இல். அதற்கு முன்னால் ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். அதனால் துணியின் அகலம் நெய்பவரின் கை எட்டுகிற அளவோடு நின்றது. அகலத் துணி வேண்டுமானால் தறிக்கு இரண்டு ஆள். கே செய்த உபகாரத்துக்கு ஊரார் அவருக்கு மாலை போட்டார்களா? பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய நெசவாளர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். அவருடைய நாடாவை எடுத்துக்கொண்ட முதலாளிகள் காசு கொடுக்கவில்லை. மனுஷர் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.

தமிழ்நாட்டுத் தறிகளுக்கு இந்த விசைநாடா பரவலாக வந்து சேர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாண அரசில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் ஒரு நெசவுக்கூடமே வைத்து அதைப் பழக்கிப் பார்த்தார். நம் ஆட்கள் நாடாவை எடுத்துக்கொண்டார்கள், கூடத்தை விட்டுவிட்டார்கள். கங்காணி மேற்பார்வையில் மணி அடித்து வேலை செய்ய யாருக்கு மனசு வரும்? வீட்டுத் தறியிலேயே அந்தப் பலகையை மாட்டிக்கொண்டார்கள். நல்ல காரியம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்குள் நான் குழிக்குள் இறங்கியாயிற்று. "ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினேன். பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். மிதி, இழு, தடக். நாடா பாதி வழியில் நின்றுவிட்டது. மறுபடி மிதி, இழு. இந்தத் தடவை நாடா அந்தப் பக்கப் பெட்டியையும் தாண்டி வெளியே பறந்து, சுவரில் மோதி, குழிக்குள் தொப்பென்று விழுந்தது.

குனிந்து பார்த்தேன். வெளியே உச்சி வெயில் கொளுத்துகிறது. குழிக்குள் ஒன்றும் தெரியவில்லை! மேலே பாவு விரிந்து கிடக்கிறது, நெய்த துணி மடியில் இருக்கிறது. வெளிச்சம் எங்கே இருந்து வரும்? கையால் துழாவினால் தூசும் பஞ்சும் அறுந்த நூலும்தான் அகப்படுகிறது. "அம்மா, கொஞ்சம் வெளிச்சம்..." என்று நான் வாய் திறப்பதற்குள் வீட்டம்மா செல்போன் விளக்கைப் போட்டு நீட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு வள்ளுவர் ஞாபகம் வந்தார். அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டப்பகலில் நெய்துகொண்டிருந்த வள்ளுவர் நாடாவைக் கீழே தவறவிட்டு, விளக்கு கொண்டுவா என்கிறார். வாசுகி ஒரு கேள்வி கேட்காமல் விளக்கோடு வந்து நிற்கிறார். பகலில் எதற்கு விளக்கு என்று கேட்காத பத்தினி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குச் சின்ன வயசிலேயே அந்தக் கதை பிடிக்காது. இப்போது குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு யோசிக்கிறேன்: கதையைச் சொன்னவர்கள் யாரும் குழித்தறியில் உட்கார்ந்ததே இல்லை! நெசவாளி வீட்டில் விழுந்த நாடாவைத் தேட மத்தியானத்திலும் விளக்கு வேண்டும். அது வாசுகிக்குத் தெரியும், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அடக்கம் என்று நாம் பாராட்டிக்கொண்டிருந்தது தொழில் ஞானமாகவும் இருக்கலாம் அல்லவா? இதை வீட்டம்மாவிடம் சொன்னேன். "ஆமா, பின்ன?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கருவியைத் தொட்டால் மொழி பேசத் தொடங்கிவிடுகிறது. அச்சு என்கிறார்கள், அது பலகைக்குள் இருக்கும் சீப்பு. இழைக்கு இழை இடைவெளி காப்பது அது. இப்போது எஃகுப் பற்கள். ஒரு காலத்தில் மூங்கிலையோ நாணலையோ மெல்லிய சிம்பாகச் சீவி, ஒவ்வொன்றாக நூலால் கட்டிச் செய்தார்கள். அதைக் கட்டுவது தனித் தொழில். விழுது என்கிறார்கள், ஆலமரம் போலவே வரிசையாகத் தொங்கும் நூல் வளையங்கள். ஒவ்வொரு பாவிழையும் ஒரு வளையத்துக்குள் நுழைந்து வரும். நெய்த துணியைச் சுருட்டும் உருளை படமரம். ஆனால் 'தறிகெட்டு ஓடினான்' என்பதில் வரும் தறியை நெசவுத்தறி என்று எண்ணிவிட வேண்டாம். அது யானையையும் மாட்டையும் கட்டிவைக்கும் முளை. கம்பன் வீட்டில் கவி பாடிய கட்டுத்தறி எது என்று புலவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. நெசவாளர்கள் என்ன தீர்ப்புச் சொல்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நூல் என்ற சொல்லையே பாருங்கள். நன்னூல் ஒரு நூல் உருவாவதை நூற்பதாகவே சொல்கிறது: சொல் பஞ்சு, புலவர் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு கதிர். கதிர் என்றால் ராட்டையில் சுழலும் அந்த ஒல்லி இரும்பு ஊசி. இத்தனை வருஷம் கதிர் என்றால் சூரியன், இல்லாவிட்டால் நெல் என்றுதான் எனக்குத் தெரியும். வீட்டம்மாவின் ராட்டையில் அது சர்ரென்று சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பார் என்று தோன்றியது.

அந்த ராட்டை இருக்கிறதே, அதைப் பற்றித் தனியாக எழுதலாம். சக்கரம் எதில் செய்தது தெரியுமா? பழைய சைக்கிள் ரிம்! அச்சாணிக்குக் கம்பி, பிடிக்கு ஒரு மரக்கட்டை. பாவை இழுத்துப் பிடிக்கத் தொங்கும் எடைக்கு, மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில். நழுவும் முடிச்சுக்கு அடியில் கிழிந்த டியூப் துண்டு. பழம் கருவிகளைப் பார்க்கப் போன எனக்கு, போன மாசம் குடித்து எறிந்த பாட்டிலும் அதே வேலையில் சேர்ந்திருப்பதைப் பார்த்து ஒரே குதூகலம். அருங்காட்சியகத்தில் இருந்தால் பாட்டிலை எடுத்துவிட்டுத்தான் கண்ணாடிக்குள் வைப்பார்கள்.

பக்கத்திலேயே காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய இடம். ராட்டைக்கு அங்கே தனி மரியாதை. ஒரு ராட்டையில் ஒரு கதிர், ஒரு நூல் என்ற வேகம் போதாது என்று அகில இந்திய நூற்போர் சங்கம் 1929இல் நல்ல ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்து ஒரு லட்சம்! பரிசு யாருக்கும் போகவில்லை. ஆனால் பிற்பாடு பல கதிர்களோடு ஒரு ராட்டையைக் கொண்டுவந்தவர் நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன். அவர் பேரின் ஒரு துண்டுதான் இன்று இந்தியா முழுவதும் சொல்லும் அம்பர் சர்க்காவில் இருக்கிற அம்பர். இதைக் கேட்டதும் வீட்டம்மா சைக்கிள் ரிம்மை ஒரு தட்டுத் தட்டி, "இதுக்கு யாரு பேரு வைக்கிறது?" என்றார்.

இனி கணக்கு. எனக்குக் கணக்கு வராது, ஆனாலும் இது போதை ஏற்றும் கணக்கு. 80ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் 80 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று பொருள். பெருக்கினால் 67,200 கெஜம், ஏறக்குறைய 61 கிலோமீட்டர். அரைக் கிலோவுக்கும் குறைவான நூலை நீட்டிப் பிடித்தால் திண்டுக்கல்லில் இருந்து மதுரையை எட்டிப் பார்த்துவிடும். அங்குலத்துக்கு 80 பாவிழை, சேலை அகலம் 47 அங்குலம் என்று வைத்தால் 3,760 இழை. அங்குலத்துக்கு 70 ஊடை என்றால், ஐந்தரை மீட்டருக்கு நாடா 15,000 தடவைக்கு மேல் ஓட வேண்டும். தடக், தடக் என்று பதினையாயிரம். பக்கத்து வீட்டுக் குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தூங்குமாம், தறி நின்றால் விழித்துக்கொள்ளுமாம்.

அந்த 3,760 இழையில்தான் இன்னொரு மர்மம். ஒரு பாவு முடிந்து புதுப் பாவு போடும்போது, ஒவ்வொரு இழையையும் மறுபடி விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் கோர்ப்பதா? கோர்ப்பதில்லை. பழைய பாவின் கடைசி முனைகளை அச்சோடு அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் முனைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். முடிச்சு போட்டால் அச்சில் மாட்டிக்கொள்ளும். அதனால் முறுக்கு. பழைய முனை, புது முனை, இரண்டையும் விரலுக்கு நடுவில் பிடித்து ஒரு உருட்டு, ஒரு மடிப்பு. விரல் வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் சாம்பல். வீட்டம்மா செய்து காட்டினார். நான் கண்ணை இமைப்பதற்குள் நாலு இழை. பாவுக்கு முன்னால் மணிக்கணக்கில் கால் மடக்கி உட்கார வேண்டும். நான் ஒன்று முறுக்கினேன். இழுத்தார், வந்துவிட்டது. இன்னொன்று. அதுவும் வந்துவிட்டது. "உங்களுக்கு விரல் ரொம்ப மெதுவா இருக்கு" என்றார். மெதுவாக என்றாரா, மெத்தென்று என்றாரா, கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டுமே உண்மை.

அவர் விரல்களைப் பார்த்தபோதுதான், கருவிப் பட்டியலில் நகத்தையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. சுங்குடிச் சேலையின் கதையே நகத்தின் கதை. துணியை மடித்துப் புள்ளி குறித்து, குறித்த இடத்தை நகநுனியால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுக்கிச் சுற்றுவார்கள். சாயத்தொட்டியில் முக்கி எடுத்துக் காயவைத்து, துணியை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் கட்டுகள் படபடவென்று தெறிக்கும். கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. மதுரை சௌராஷ்டிரர்களின் கைவேலை அது. மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு வந்தது. சுங்குடி என்றால் சின்னாளப்பட்டிக்கும் பேர் உண்டு. இங்கே மெழுகு அச்சிலும் சுங்குடி போடுகிறார்கள். உருகிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் வைத்து எடுத்தால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அப்புறம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மெழுகை எடுத்துவிட வேண்டும். நகம் ஒவ்வொரு புள்ளியாகச் செய்ததைக் கட்டை ஒரே தட்டில் செய்துவிடுகிறது. எனக்கு நகப்புள்ளிதான் பிடிக்கும். ஒன்று பெரிசாக, ஒன்று சிறிசாக, ஒன்று கொஞ்சம் கோணலாக இருக்கும்.

ஊருக்கு முதலில் பேர் வாங்கிக் கொடுத்தது செயற்கைப் பட்டு. சின்னாளப்பட்டு என்றே சொல்வார்கள். அசல் பட்டுக்கு வழியில்லாத வீட்டுக் கல்யாணங்களில் அது சரசரத்தது. என் அத்தை ஒருத்தி தன் சின்னாளப்பட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். விசைத்தறி வந்த பிறகு நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. தெருவில் நடந்தாலே காதில் விழும். எங்கே தடக் தடக் இருக்கிறது, எங்கே ஒரே இரைச்சலாக இருக்கிறது, எங்கே டிவி மட்டும் ஓடுகிறது என்று.

தெரு என்றதும், மரப்பெட்டிப் பூட்டைத் திறந்த கதைக்கு வருகிறேன். உள்ளே பழைய சாமான். பல் போன ஒரு அச்சு, எருமைத்தோல் பிக்கர் ஒன்று, கூர் மழுங்கிய நாடா மூன்று. அடியில் துடைப்பமும் இல்லாமல் சீப்பும் இல்லாமல் ஒன்று, ஒரு முழத்துக்கு மேல் நீளம், வேர் மாதிரி முரட்டு நார்.

"இது என்னங்கய்யா?"

"குச்சு. எங்கப்பா காலத்துல பாவை வீதியில நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் இதைப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நீவிக்கிட்டே போவாங்க. இழை ஒட்டக்கூடாது. விடியக் கருக்கல்லயே ஆரம்பிச்சுருவாங்க, வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். மழை வந்துச்சுன்னா தெருவே அலறும்."

அகராதியில் இதற்குப் பாவாற்றி என்று ஒரு பேர் இருக்கிறது. என்ன அழகான பேர்! டீ ஆற்றுவது மாதிரி, புண் ஆற்றுவது மாதிரி, பாவை ஆற்றுவது. அந்த வார்த்தையைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா குச்சுன்னா குச்சுதான்" என்று பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

கிளம்பும் முன் ஒரு காபி வந்தது. அதற்கு முன்னால் இன்னொரு தடவை குழிக்குள் இறங்க அனுமதி வாங்கிவிட்டேன். இந்தத் தடவை நாடா பறக்கவில்லை. மிதி, இழு, தடக். எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பது ஊடை! பதினையாயிரத்தில் ஒன்பது. ஏதோ ஊரில் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் என் ஒன்பது இழையை உடுத்திக்கொண்டு யாரோ நடப்பார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லாவே நெஞ்சுட்டீங்க" என்றார் பெரியவர். வீட்டம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடைபெற்று, தலையைக் குனிந்து (இந்தத் தடவை ஞாபகமாக) வெளியே வந்து, தெருமுனை வரை நடந்துவிட்டேன். தறிச் சத்தம் இன்னும் கேட்கவில்லையே என்று திரும்பினேன். குடையை மறந்ததாகப் பேர் பண்ணிக்கொண்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, செல்போன் வெளிச்சத்தில், நான் போட்ட ஊடைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார். வீட்டம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்: "ஏழு... எட்டு... இன்னும் ஒண்ணு இருக்கு பாருங்க."